போருக்குப் பறந்து திரும்பாத குண்டுவீச்சு விமான வீரர்: ஒரு பெயரிலிருந்து ஏழு பேர் வரை தேடிப்போகும் வழி

மகளின் பள்ளியில் நவம்பர் வந்தால் ஒரு வேலை தருவார்கள். ஊர்த் தேவாலயத்துக்கு முன்னால் இருக்கும் போர் நினைவுச் சிலுவையில் செதுக்கிய பெயர்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்து, இவர் யார், எங்கே போனார், என்ன ஆனார் என்று கண்டுபிடித்து வரச் சொல்வார்கள். நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில். இரண்டாம் உலகப் போரின்போது இந்தப் பக்கம் எங்கு பார்த்தாலும் குண்டுவீச்சு விமானத் தளங்கள்தான். மகளுக்குக் கிடைத்தவர் ஒரு ஏர் கன்னர், அதாவது விமானத்தில் துப்பாக்கியோடு காவல் இருப்பவர். கல்லில் இருந்தது ஒரு குடும்பப் பெயரும் இரண்டு முதலெழுத்தும் மட்டும்.

"ஒரு வாரத்துல முடிச்சிடலாம்ப்பா" என்றாள். மூன்று மாதம் ஆனது. அதில் முதல் இரண்டு வாரம் அதே பெயர், அதே முதலெழுத்து கொண்ட வேறொருவர் பின்னால் அலைந்தோம். தப்பு என்னுடையதுதான். முதலில் கிடைத்த பெயரைப் பார்த்ததும் "இவரேதான்" என்று முடிவுகட்டிவிட்டேன்.

அந்த மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிரிட்டனிலோ கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் நம்மவர்களின் பிள்ளைகளுக்கும் இதே வேலை வரும். அக்கம்பக்கத்து முதியவர் ஒருவர் தன் மாமாவின் பழைய படத்தைக் கொண்டுவந்து "இவரைப் பற்றி ஏதாவது தெரியுமா, பார்த்துச் சொல்லுங்களேன்" என்று கேட்கவும் கேட்பார். என்னிடம் கேட்டார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குண்டுவீச்சு விமானத்தில் போனவரைத் தனி ஆளாகத் தேடினால் சீக்கிரமே பாதை அடைத்துக்கொள்ளும். அவர் ஏறிய விமானத்தைத் தேடுங்கள். அவர் தனியாகச் சாகவில்லை, ஒரு குழுவோடு போனார். பதிவேடுகளும் விமானத்தை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர், இறந்தவர்கள் 55,573 பேர். அத்தனை பேரில் ஒருவரைப் பிடிக்க, கூட இருந்த ஆறு பேர்தான் கைகொடுப்பார்கள்.

முதலில் வீட்டில் இருப்பதை மேசையில் பரப்புங்கள்

படம், தந்தி, கடிதம், பதக்கம், உறையின் பின்பக்கக் கிறுக்கல் எல்லாவற்றையும் எடுங்கள். எதையும் துடைக்க வேண்டாம், ஒட்ட வேண்டாம். இரண்டு பக்கமும் படமெடுத்து வையுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் சீருடைப் படம் ஒன்று இருக்கும். அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எங்கள் ஊர்த் தேவாலயத்தில் வைத்திருந்த சிறு புத்தகத்தில் எங்கள் ஆளின் படம் இருந்தது. மகள் கேட்ட முதல் கேள்வி: "இவருக்கு ஏன்ப்பா பாதி றெக்கைதான் இருக்கு?" சரியான கேள்வி. விமானிக்கு மார்பில் முழு இறக்கை. மற்றவர்களுக்கு ஒற்றை இறக்கை, அதன் அடியில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் எழுத்து. 'ஏ.ஜி.' என்றால் ஏர் கன்னர். 'என்' என்றால் வழி கணிக்கிற நேவிகேட்டர். 'பி' என்றால் குண்டு போடுகிற பாம் ஏமர். 'ஈ' என்றால் எஞ்சின்களைக் கவனிக்கிற ஃப்ளைட் எஞ்சினியர். வெறும் 'ஓ' என்றால் பழைய அப்சர்வர். 1942இல் அந்த வேலை நேவிகேட்டர், பாம் ஏமர் என்று பிரிவதற்கு முன் பயிற்சி முடித்தவர். வயர்லெஸ் ஆபரேட்டர்கள் நெடுநாள் கன்னர் இறக்கையையே அணிந்தார்கள், 'எஸ்' எழுத்து பிற்பாடுதான் வந்தது. ஆகவே 'ஏ.ஜி.' என்று கண்டதும் கன்னர்தான் என்று அடித்துச் சொல்லிவிட வேண்டாம். கையில் மின்னல் போன்ற வயர்லெஸ் சின்னம் தைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தொப்பியின் முன்பக்கம் வெள்ளைத் துணி செருகியிருந்தால் அது பயிற்சிக் காலப் படம். தோளில் நாட்டுப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வீரர்கள் ஏராளமாகப் பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்களில் (விமானப்படையின் பறக்கும் அணிகளில்) பறந்தார்கள், அவர்களின் கோப்புகள் அந்தந்த நாட்டில்தான் இருக்கும். சேவை எண் கிடைத்தால் இன்னும் நல்லது. கனடா விமானப்படையில் சாதாரண வீரரின் எண் 'ஆர்' என்ற எழுத்திலும் அதிகாரியின் எண் 'ஜே' என்ற எழுத்திலும் பெரும்பாலும் தொடங்கும். ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கலாம், ஒரே எண்ணில் ஒருவர்தான்.

பதக்கத்தில் பெயர் இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இரண்டாம் போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்குத் தந்த நட்சத்திரப் பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை. ஆனால் எந்த நட்சத்திரம் என்பதிலேயே ஒரு துப்பு இருக்கிறது. 'ஏர் க்ரூ யூரோப் ஸ்டார்' என்றால் நார்மண்டித் தரையிறக்கத்துக்கு முன், அதாவது 1944 ஜூன் 5க்குள் ஐரோப்பாவின் மேல் போருக்குப் பறந்தவர். அதற்குப் பிறகு மட்டும் பறந்தவர்களுக்குக் கொடுத்தது 'பிரான்ஸ் அண்ட் ஜெர்மனி ஸ்டார்'.

லாக்புக், அதாவது வீரர் தன் ஒவ்வொரு பறப்பையும் எழுதி வைத்த ஏடு, வீட்டில் இருந்தால் கொடுத்துவைத்தவர் நீங்கள். இரவுப் பறப்புகளைச் சிவப்பு மையில் எழுதியிருப்பார்கள். திரும்பாதவரின் லாக்புக் விமானப்படையிடமே நின்றுவிட்டது. குடும்பம் கேட்டு வாங்காமல் விட்டவை பெரும்பாலும் பின்னாளில் அழிக்கப்பட்டன. இல்லையே என்று வருந்த வேண்டாம், அதே விவரத்தை வேறு இடத்திலிருந்து எடுக்கலாம்.

போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல்

அடுத்துப் போக வேண்டியது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம். இலவசம். குடும்பப் பெயர், முதலெழுத்து, இரண்டாம் உலகப் போர், விமானப்படை என்று போட்டுத் தேடுங்கள். முழுப் பெயரைப் போட்டால் சில சமயம் வராது, ஏனென்றால் பதிவில் முதலெழுத்து மட்டும் இருக்கும். பெற்றோர், மனைவி, ஊர் ஆகியவை 'கூடுதல் தகவல்' என்ற வரியில் இருக்கும். நான் அந்த வரியைப் படித்திருந்தால் இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும்.

இங்கே ஒரு பெரிய குழப்பம் தேதி. நம் வீட்டில் திதி கொடுக்க நாள் தெரிந்தாக வேண்டும். இவர்களுக்கோ இறந்த நாளே இரண்டு. மாலை கிளம்பி நள்ளிரவைத் தாண்டிப் பறந்த தாக்குதல்களை 16/17 மே என்று சாய்வுக்கோடு போட்டுத்தான் எழுதுவார்கள். விமானம் எத்தனை மணிக்கு விழுந்தது என்று யாருக்கும் தெரியாதபோது ஒரு பதிவேட்டில் முதல் நாளும் இன்னொன்றில் மறுநாளும் இருக்கும். எப்போதும் இரண்டு தேதியையும் போட்டுத் தேடுங்கள்.

அப்புறம் கல்லறை எண்ணைக் கவனியுங்கள். தனிக் கல்லறை என்றால் உடல் அடையாளம் தெரிந்திருக்கிறது. 'கூட்டுக் கல்லறை' என்று போட்டு, 1 முதல் 5 வரை என்பது போல வரிசை எண் இருந்தால் உடல்களைப் பிரித்தறிய முடியவில்லை என்று பொருள். அதைக் குடும்பத்தாரிடம் சொல்லும்போது பார்த்துச் சொல்லுங்கள். எண்பது ஆண்டு ஆனாலும் சிலருக்கு அது புதுச் செய்தி.

கல்லறையே இல்லாமல் 'பேனல்' எண், அதாவது பெயர் பொறித்த சுவர்ப் பலகையின் எண், மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது ரன்னிமீட். லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் நதியைப் பார்த்த மேட்டில், 1953 அக்டோபர் 17 அன்று திறந்த விமானப்படை நினைவகம். உடல் கிடைக்காத 20,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே கல்லில் இருக்கின்றன.

ஒரே விமானத்தில் போனவர்கள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. 1943 மே 16 இரவு ஜெர்மனியின் அணைகளை உடைக்க 617ஆம் ஸ்குவாட்ரன் அனுப்பிய 19 லான்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் ஒன்று ஏஜே-கே. கனடாக்காரர் வெர்னன் பயர்ஸ் ஓட்டியது. நெதர்லாந்துத் தீவுகளை ஒட்டி விமான எதிர்ப்புப் பீரங்கியில் அடிபட்டுக் கடலில் விழுந்தது. வாரங்கள் கழித்துக் கரை ஒதுங்கிய ஒரே உடல், பின்பக்கக் கன்னர் ஜேம்ஸ் மெக்டவலுடையது. அவர் ஹார்லிங்கன் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். மற்ற ஆறு பேரும் ரன்னிமீட் சுவரில் இருக்கிறார்கள். ஒருவரை மட்டும் தேடிப் போயிருந்தால் மற்ற பாதி தெரிந்தே இருக்காது.

ஆணையத்தின் பக்கத்தில் கீழே இறங்கினால் பழைய தட்டச்சுத் தாள்களின் படங்களும் இருக்கும். கல்லறைப் பதிவு, இடமாற்ற அறிக்கை, கல்லில் பொறிக்கக் குடும்பம் கொடுத்த வாசகம் எல்லாம் அதில்தான். இடமாற்ற அறிக்கையைத் தவறவிடாதீர்கள். போர் முடிந்ததும் ஜெர்மனியின் ஊர்க் கல்லறைகளில் சிதறிக் கிடந்தவர்களை எடுத்துப் பெரிய கல்லறைகளில் சேர்த்தார்கள். கிளீவ நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ரைஷ்வால்ட் அப்படி வந்ததுதான். முதலில் எங்கே புதைத்தார்கள் என்ற ஊர்ப்பெயர் அந்த அறிக்கையில் இருக்கும். விமானம் விழுந்த இடத்துக்கு அதுவே அருகிலுள்ள அடையாளம்.

இப்போது விமானத்தைப் பிடியுங்கள்

லிங்கன் நகரத்துக்கு மேலே குன்றில் சர்வதேச பாம்பர் கமாண்ட் மையம் இருக்கிறது. அவர்கள் இணையத்தில் வைத்திருக்கும் இழப்புத் தரவுத்தளத்தில் பெயரைப் போட்டால் ஸ்குவாட்ரன், தளம், விமான வகை, விமான எண், குறியெழுத்து, இலக்கு, கூட இருந்தவர்கள் என்று ஒரே பக்கத்தில் விரியும். எங்களுக்கு மூன்று மாதத்தில் மிகச் சந்தோஷமான நிமிடம் அதுதான். ஒரு பெயர் ஏழாகிவிட்டது.

விமான எண்ணையும் குறியெழுத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எண் விமானம் கட்டும்போதே கிடைத்தது, அதற்கு மட்டுமே உரியது. குறியெழுத்து ஸ்குவாட்ரன் கொடுத்தது, ஒரு விமானம் தொலைந்தால் அடுத்ததுக்கு அதையே எழுதிவிடுவார்கள். ஏஜே-கே என்பது குறி. அன்றைக்கு அதைத் தாங்கியிருந்த விமானத்தின் எண் இடி 934. தேடலில் நம்ப வேண்டியது எண்ணைத்தான்.

ஆள் கணக்கும் சரிபாருங்கள். லான்காஸ்டர், ஹாலிஃபாக்ஸ், ஸ்டெர்லிங் என்றால் வழக்கமாக ஏழு பேர். வெலிங்டன் என்றால் ஐந்து அல்லது ஆறு. மஸ்கிட்டோவில் இரண்டே பேர். ஏழுக்கு எட்டு இருந்தால் பதற வேண்டாம். புதிதாக வந்த விமானியை முதல் தடவை அனுபவசாலிகளோடு அனுப்பிப் பழக்குவார்கள். 'செகண்ட் டிக்கி' என்பது அவர்கள் வைத்த பெயர். அவரை நம்பிக் காத்திருந்த சொந்தக் குழு தளத்திலேயே தலைவன் இல்லாமல் நின்றுவிடும். அதுவும் ஒரு கதை.

தரவுத்தளத்தில் குழு விவரம் அரைகுறையாக இருந்தால் கல்லறை ஆணையத்துக்கே திரும்பிப் போய், அதே தேதி, அதே ஸ்குவாட்ரன், அதே கல்லறை என்று போட்டுப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துக் கல்லறை எண்கள் வந்தால் அநேகமாக அவர்கள்தான்.

ஸ்குவாட்ரனின் நாட்குறிப்பு

இதுதான் வேலையின் நடுமையம். அவசரப்படாமல் உட்காருங்கள்.

ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் மாதந்தோறும் செயல்பாட்டுப் பதிவேடு எழுதி அனுப்ப வேண்டும். லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏர் 27' என்ற வரிசையில் அவை இருக்கின்றன. இணையத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். இதில் இரண்டு வகைத் தாள். படிவம் 540 அன்றாடச் சுருக்கம்: வானிலை, யார் வந்தார், யார் போனார், இன்று பறப்பு உண்டா இல்லையா. படிவம் 541தான் நமக்கு வேண்டியது: விமானம் வாரியாகக் குழுவின் பெயர்ப் பட்டியல், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், என்ன நடந்தது என்ற சிறு குறிப்பு.

திரும்பிய விமானங்களுக்கு நாலைந்து வரி இருக்கும். இலக்கு மேகத்தில் மறைந்திருந்தது, இத்தனை மணிக்கு இத்தனை அடி உயரத்திலிருந்து போட்டோம், தீ தெரிந்தது என்று. நம் ஆளின் விமானத்துக்கு வரும்போது 'இறங்கிய நேரம்' கட்டம் வெறுமையாக இருக்கும். பக்கத்தில் ஒற்றை வரி: திரும்பவில்லை, புறப்பட்டபின் செய்தி எதுவும் இல்லை. பெரும்பாலும் அவ்வளவுதான். மகள் அந்தக் காலிக் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நிறையப் பேர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். பின்னோக்கிப் புரட்டுங்கள். அவர் பெயர் முதன்முதலில் எந்த மாதத்தில் வருகிறது? அங்கிருந்து ஒவ்வொரு பறப்பையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்கள்: தேதி, விமான எண், விமானி, இலக்கு, கிளம்பிய நேரம், இறங்கிய நேரம். முப்பது பறப்பு முடித்தால் ஒரு சுற்று முடிந்தது, ஓய்வு கிடைக்கும். அவர் எத்தனையாவதில் போனார் என்று தெரியும்போது கணக்கு வேறு மாதிரி உறைக்கும். மூன்றாவதில் போனவர் உண்டு, இருபத்தெட்டாவதில் போனவரும் உண்டு. நடுவில் வேறு விமானியோடு ஒரு நாள் பறந்திருந்தால் யாருக்கோ காய்ச்சல், இவர் மாற்றாளாகப் போயிருக்கிறார் என்று ஊகிக்கலாம். ஊகம் என்று குறித்தும் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. போர்க்காலத்தில் பிரிட்டனில் கடிகாரத்தைக் கோடையில் இரண்டு மணி நேரம் முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். ஜெர்மானியப் பதிவில் இருக்கும் நேரத்தோடு ஒப்பிடும்போது இதை மறந்தால் ஒரு மணி நேரம் பிசகும், விழுந்தது வேறொரு விமானம் என்று ஆகிவிடும்.

தட்டச்சு செய்த எழுத்தருக்கும் அவசரம்தான். பெயரில் எழுத்துப் பிழை, முதலெழுத்து இடம்மாறுவது எல்லாம் சகஜம். சேவை எண் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள்.

காணாமல்போனவர்களுக்கென்று திறந்த கோப்பு

விமானம் திரும்பாத மறுநாளே வீட்டுக்குத் தந்தி போகும். ஓரிரு நாளில் கமாண்டரின் கடிதம். அதன்பின் பல மாதம் 'காணவில்லை' என்ற நிலைதான். ஜெர்மனியிலிருந்து செஞ்சிலுவைச் சங்கம் வழியாகத் தகவல் வந்தால் உண்டு. இல்லையென்றால் சுமார் ஆறு மாதம் கழித்து, இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று அதிகாரப்பூர்வமாக எழுதுவார்கள். இந்தக் கடிதப் போக்குவரத்து முழுவதும் ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு கோப்பாக இருந்தது. பிரிட்டிஷ் கோப்புகள் கியூவில் 'ஏர் 81' வரிசையில் தேதி முறைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கப்பட்டு வருகின்றன. ஆஸ்திரேலியர் என்றால் அந்நாட்டுத் தேசியக் காப்பகத்தில் 'ஏ 705' வரிசை. நிறையக் கோப்புகளை வீட்டிலிருந்தே பக்கம் பக்கமாகப் படிக்கலாம். கனடாவில் போரில் இறந்தவர்களின் சேவைக் கோப்புகள் பொதுவில் இருக்கின்றன. நியூசிலாந்துக்காரர் என்றால் ஆக்லாந்து போர் நினைவு அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியல்.

போர் முடியும் தறுவாயில் காணாமல்போனோர் தேடல் சேவை என்று விமானப்படை ஒன்றை அமைத்தது. 40,000க்கும் மேற்பட்டோர் காணாமல் போயிருந்த நேரம். தேடல் அதிகாரிகள் ஜீப்பில் ஊர் ஊராகப் போய், பாதிரியாரையும் கல்லறைக் காவலரையும் விசாரித்து, கல்லறையைத் தோண்டி, சட்டைக் காலரில் எழுதிய சலவை எண்ணையும் இயந்திரத் துண்டில் இருந்த எண்ணையும் வைத்து அடையாளம் கண்டார்கள். அவர்களின் அறிக்கை கோப்பில் இருந்தால் உடற்கூறு விவரம் வெளிப்படையாக இருக்கும். நான் முதலில் தனியாகப் படித்துவிட்டுத்தான் மகளிடம் கொடுத்தேன். சில பக்கங்களைக் கொடுக்கவில்லை.

விழுந்த இடம்

ஊர்ப்பெயர் கிடைத்துவிட்டால் அந்த ஊர் வரலாற்றுச் சங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நெதர்லாந்து, பெல்ஜியம், டென்மார்க்கில் இதற்கென்றே உழைப்பவர்கள் இருக்கிறார்கள். தங்கள் வயலில் விழுந்த விமானத்தைப் பற்றி அந்த வீட்டாரைவிட அதிகம் தெரிந்து வைத்திருப்பவர்களும் உண்டு.

முடிவு கட்டுவதில் மட்டும் நிதானம் வேண்டும். நெதர்லாந்தின் மார்க்கர்மீர் ஏரியில் 2008இல் ஒரு ஸ்டெர்லிங்கின் துண்டுகள் கிடைத்தன. எந்த விமானம் என்று முதலில் கணித்தது தவறிவிட்டது. கிடைத்த பொருட்களில் ஒரு சிகரெட் பெட்டியில் இருந்த முதலெழுத்துகள் வேறொரு குழுவைக் காட்டின. அது 1943 மார்ச்சில் பெர்லினுக்குப் போய்த் திரும்பும் வழியில் ஏழு பேரோடு விழுந்த பிகே 716. 2020இல் அதை ஏரியிலிருந்து எடுத்தார்கள். அறிஞர்களுக்கே அப்படி என்றால் நாம் ஒரு ஜெர்மானிய இரவுப் போர் விமானியின் கணக்கில் இருக்கும் ஒரு நேரத்தை வைத்து "இவர்தான் சுட்டார்" என்று எழுதுவது சரியல்ல. ஒரே இரவில் ஒரே பகுதியில் நாலைந்து விமானம் விழுந்திருக்கும்.

இடத்துக்கே போனால் எதையும் தோண்டாதீர்கள், ஓர் ஆணியைக்கூட எடுக்காதீர்கள். பிரிட்டனில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் போர் விமானச் சிதைவைத் தொடுவது குற்றம். சட்டம் கிடக்கட்டும், வெடிக்காத குண்டு இன்னும் மண்ணில் இருக்கலாம்.

கிழக்கே விழுந்தவராக இருந்தால்

எல்லோரும் ஜெர்மனிக்குப் போகவில்லை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானந்தாங்கிகள் திருகோணமலையைத் தாக்கின. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் இருந்து கிளம்பிய 11ஆம் ஸ்குவாட்ரனின் பிளெனிம் விமானங்கள் ஒன்பது, அந்தக் கப்பற்படையைத் தேடிப் போய்க் குண்டு போட்டன. கப்பல் எதிலும் படவில்லை. ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. பின்னாளில் மின்னேரியாவிலிருந்தும் காங்கேசன்துறையிலிருந்தும் 160ஆம் ஸ்குவாட்ரனின் லிபரேட்டர் விமானங்கள் வங்கக் கடலைத் தாண்டிப் பறந்தன. இந்தப் பக்கம் காணாமல்போனவரை ரன்னிமீட்டில் தேடினால் கிடைக்க மாட்டார். தென், கிழக்கு ஆசியாவில் உடல் கிடைக்காத விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் இருக்கும் நினைவகத்தில் உள்ளன. உடல் கிடைத்தவர்கள் திருகோணமலை, கொழும்பு, சென்னை நந்தம்பாக்கம் ஆகிய இடங்களின் போர்க் கல்லறைகளிலும் இருக்கலாம்.

பெயரைப் பார்த்து ஏமாந்துவிடவும் வேண்டாம். 102ஆம் ஸ்குவாட்ரனின் பெயரில் 'சிலோன்' உண்டு, ஆனால் அது ஹாலிஃபாக்ஸ்களோடு யார்க்ஷயரின் பாக்லிங்டனில் இருந்தது. 99ஆம் ஸ்குவாட்ரனுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று பெயர். இந்தப் பெயர்கள் எல்லாம் நம் ஊர்ப் பக்கமிருந்து போன நன்கொடைப் பணத்துக்குக் கிடைத்த மரியாதை.

போய் நிற்பது

ரன்னிமீட்டுக்குப் போகும் முன் பேனல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டு, படை, பதவி என்ற வரிசையில் பெயர்கள் இருப்பதால் ஒரே குழுவில் இறந்த விமானியும் கன்னரும் வேறு வேறு சுவரில் இருப்பார்கள். ஏழு எண்ணும் எழுதிக்கொண்டு போனால்தான் ஏழு பேரையும் பார்க்கலாம். படமெடுக்கக் காலையோ மாலையோ சாய்வெயில் நேரம் நல்லது. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்போ மாவோ தடவாதீர்கள், கல் கெட்டுவிடும்.

லிங்கன் மையத்தில் சுமார் 58,000 பெயர்கள் துருவேறிய எஃகுச் சுவர்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. நடுவில் நிற்கும் ஊசிக் கோபுரத்தின் உயரம் 31.09 மீட்டர், ஒரு லான்காஸ்டரின் இறக்கை நீளம். வெட்டிய எழுத்தின் இடுக்கில் காகிதப் பாப்பிப் பூவைச் செருகி வைக்கிறார்கள். எங்கள் ஆளின் பெயர் எட்டும் உயரத்தில் இல்லை. மகளைத் தூக்கிப் பிடித்தேன்.

லண்டன் கிரீன் பார்க்கில் இருக்கும் நினைவகம் 2012 ஜூன் 28இல்தான் திறந்தது. அதன் கூரையில் இருக்கும் அலுமினியம், பெல்ஜியத்தில் விழுந்த ஒரு ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்தது. நெதர்லாந்தில் இருந்தால் மே 4 மாலை 8 மணிக்கு நாடே இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கும். ஊர்க் கல்லறைக்குப் போக அதைவிட நல்ல நாள் இல்லை.

எழுதி வைப்பது

கடைசியில் ஒரு பக்கம் எழுதுங்கள். நீளம் வேண்டாம். தெரிந்தது, ஊகித்தது இரண்டையும் தனித்தனியே வையுங்கள். உறவினர் யாராவது இருக்கிறார்களா என்று தேவாலயம் வழியாகவோ ஊர் வரலாற்றுச் சங்கம் வழியாகவோ விசாரித்து, அவர்களிடம் காட்டிவிட்டுத்தான் வெளியே விடுங்கள். கல்லறைப் பதிவில் பிழை கண்டால் ஆவணத்தோடு ஆணையத்துக்கு எழுதலாம், பரிசீலிப்பார்கள்.

ஒரு விஷயத்தில் எனக்கும் மனைவிக்கும் வாக்குவாதம் வந்தது. எங்கள் ஆளின் விமானம் போட்ட குண்டு எங்கே விழுந்தது என்று எழுதலாமா கூடாதா என்று. எழுதத்தான் வேண்டும் என்பது என் கட்சி. 1943 ஜூலையில் ஹாம்பர்க்கிலும் 1945 பிப்ரவரியில் டிரெஸ்டனிலும் எரிந்தது வீடுகளும் குழந்தைகளும். இந்த வீரர்களுக்கு நினைவகம் கட்ட அறுபது ஆண்டுக்கு மேல் ஆனதற்கும், தனி அடையாளமாகப் பதக்க நாடாவில் அணியும் ஒரு பட்டை 2013இல்தான் வந்ததற்கும் அந்தச் சங்கடம் ஒரு காரணம். அவரைத் திட்டவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். இலக்கின் பெயரையும், அன்றிரவு அங்கே என்ன நடந்தது என்பதையும் இரண்டு வரியில் எழுதினால் போதும். மனைவி, "இரண்டு வரி பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போதாது" என்றாள். அதனால் நாலு வரி ஆனது.

மகள் தன் அட்டையில் லான்காஸ்டரைப் பக்கவாட்டில் வரைந்தாள். மூக்கில் பாம் ஏமர், அவருக்கு மேலே விமானி, பக்கத்தில் ஃப்ளைட் எஞ்சினியர், திரைக்குப் பின்னால் நேவிகேட்டர், அடுத்து வயர்லெஸ் ஆபரேட்டர், முதுகில் ஒரு கன்னர். ஒவ்வொரு இடத்திலும் அவரவர் பெயரை எழுதினாள். எங்கள் ஊர்ச் சிலுவையில் இருக்கும் பெயரைக் கடைசியாக வால் நுனியில், மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் இடத்தில் எழுதினாள்.